அப்பாவின் ஜாவா பைக்கை ரெஸ்டோர் செய்ய (பழையபடி புதுப்பிக்க)க் கொடுத்து 1,85,000 ரூபாய் ஏமாந்தேன்: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் படியுங்கள்

வண்டி வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தது நேற்று மதியம். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. போனது 1,85,000 ரூபாய். பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன். பழைய வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

வண்டி 1969 மாடல் ஜாவா 250. மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனியில் செய்தது, யெஸ்டி என்று பெயர் மாறுவதற்கு முந்தையது. அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தார். ஊட்டி மலை ரயிலை இழுக்கும் எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜின்கள் பெரிய பழுதுக்கு வரும் இடம் அது. பின்னாளில் அந்த வகுப்பு இன்ஜின்களைப் புதிதாகவே அங்கே கட்டினார்கள். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய இந்த ஜாவாவில்தான் ரிட்டயர் ஆகும்வரை வேலைக்குப் போய் வந்தார். சாயங்காலம் அந்த இரட்டை சைலன்சர் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அம்மா காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிடுவார்.

1981ல் ஒருநாள் ரோட்டில் கிடந்த கருங்கல் அடித்து கிராங்க் கேஸின் (இன்ஜினின் கீழ்ப்பாதி உலோகக் கூடு) அடிப்பக்கம் விரிசல் விட்டது. அப்பாவின் நண்பர் ஒருவர் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். இரண்டு அங்குல நீளத்துக்கு, எறும்பு வரிசை மாதிரி, ஒரு முனையில் கொஞ்சம் வளைந்து இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்கும்போது அடியில் கை விட்டு அதைத் தடவிப் பார்ப்பது சின்ன வயதில் என் வழக்கம். இந்த வெல்டிங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 2009ல் தவறிய பிறகு வண்டி ஷெட்டில் சாக்கு மூடிக் கிடந்தது. 2021ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி, ‘விஏ’ என்ற எழுத்துகளோடு புது எண் வாங்கலாம், பத்து வருடம் செல்லும். ஆனால் சேஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. நம் வண்டியில் எல்லாமே ஒரிஜினல், ஆர்சி புத்தகம் அம்மாவின் பீரோவில் பத்திரமாக இருந்தது. சரி, முறையாக ரெஸ்டோர் செய்து அம்மா கண்முன் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கிளம்பினேன்.

இணையத்தில் வீடியோ போடும் பட்டறை ஒன்று. பழைய டூ-வீலர் மட்டும்தான் செய்வார்கள். கொங்குப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நேரில் போய்ப் பார்க்காமல் வண்டியை விடக்கூடாது என்று டெம்போவில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். நான் விழுந்த இடமும் அதுதான்.

அந்த ஆளுக்கு வயது நாற்பதுக்குள் இருக்கும். வண்டியை இறக்கியதும் நேராக இடது பக்கம் உட்கார்ந்து கிக்கரைப் பிடித்தார். ஜாவாவில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேதான். தெரியாத மெக்கானிக்குகள் கியர் லீவரைத் தேடுவார்கள். இவர் கிக்கரை உள்ளே அழுத்தி, முன்பக்கம் திருப்பி, கியருக்குக் கொண்டுவந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்பா வண்டிங்களாண்ணா? கவலப்படாதீங்க. எங்கூட்டு வண்டியாட்டம் பாத்துக்கறேன்” என்றார். உள்ளே மேஜையில் வேறொரு வண்டியின் பாகங்கள் தட்டுத் தட்டாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நூல் கட்டி அட்டை, அட்டையில் எண். எங்கள் அப்பாவும் எதைப் பிரித்தாலும் இப்படித்தான் நூல் கட்டுவார். அந்த அட்டைகளைப் பார்த்த நிமிடம் நான் கேட்க வேண்டிய எதையும் கேட்கவில்லை. இன்ஜின் எண்ணைப் போட்டோ எடுக்கவில்லை. எழுதி வாங்கவில்லை. அங்கேயே நின்று போனில் 60,000 அனுப்பினேன். நான்கு மாதத்தில் தருவதாகப் பேச்சு.

மூன்றாவது மாதம் “பார்ட்ஸ் வாங்கணும்” என்று 75,000 வாங்கினார். அதோடு சரி. பெயிண்ட் காய வேண்டும், மழை. குரோம் போடுகிற ஆள் ஊருக்குப் போய்விட்டான். செக் நாட்டிலிருந்து பிஸ்டன் வருகிறது, கஸ்டம்ஸில் நிற்கிறது. கூப்பிட்டால் எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் நீல டிக் வரும், பதில் வராது. ஆனால் அதே நாளில் வேறு யாருடைய வண்டிக்கோ புது வீடியோ போட்டிருப்பார். நான் நேரில் வருகிறேன் என்றால் மட்டும் உடனே போன் வரும்: “பட்டறைல ஆள் இல்லீங்ண்ணா, அடுத்த வாரம் வாங்க.” பதினான்கு மாதம் இப்படியே ஓடியது. கடைசி 50,000 போட்டால்தான் வண்டி ஏற்றுவோம் என்றார்கள். ஸ்டார்ட் செய்து காட்டும் வீடியோ அனுப்பினார்கள், போட்டேன். ஆக மொத்தம் 1,85,000.

வண்டி வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. மெரூன் கலர், டேங்க் பக்கவாட்டில் குரோம். அம்மா வாசலில் வந்து நின்று பார்த்தார். பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) அளந்து கலந்து, புது இன்ஜின் என்று மெதுவாகத்தான் ஓட்டினேன். திருவெறும்பூர் தாண்டவில்லை. சட்டென்று பின்சக்கரம் இறுகிக்கொண்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். பிஸ்டன் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டது.

போன் போட்டேன். “ஆயில் சரியாக் கலந்திருக்க மாட்டீங்ண்ணா.” 40 மில்லி என்றேன். “டெலிவரி எடுத்தப்புறம் நாங்க பொறுப்பில்லீங்க. ஸ்டார்ட் ஆன வீடியோ இருக்குதுல்ல?” அவ்வளவுதான். அவர்கள் வீடியோவுக்குக் கீழே நடந்ததை எழுதினேன். பத்து நிமிடத்தில் அழித்துவிட்டு என்னைத் தடுத்துவிட்டார்கள்.

பாலக்கரையில் நாற்பது வருடமாக டூ-ஸ்ட்ரோக் வண்டி பார்க்கும் பாய் ஒருவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் முதலில் டேங்கில் காந்தத்தை வைத்தார். குரோம் பக்கம் ஒட்டியது, மேல்பக்கம் வழுக்கி விழுந்தது. தகரத்தின் மேல் அவ்வளவு கனத்துக்குப் பட்டி (பள்ளம் மறைக்கப் பூசும் பசை). காப்பர், நிக்கல், குரோம் என்று மூன்று கோட் போடுவதாகச் சொன்னார்கள். சைலன்சரில் நகத்தால் சுரண்டினாலே உரிகிறது. ஒரிஜினல் ஜிகோவ் கம்பெனி கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஏதோ ஒரு லோக்கல் கார்புரேட்டர். சிலிண்டரின் உட்பக்கத்தைக் கடைந்ததில் (போர் போடுவது) பிஸ்டனுக்கு வேண்டிய இடைவெளியே விடவில்லை. கிராங்க் ஆயில் சீல் பழசு, விறைத்துப்போய் இருந்தது. செக் நாட்டு பிஸ்டன் என்று பணம் வாங்கினார்களே, அதன் தலையில் ஊர் பேர் எதுவும் இல்லை.

அப்புறம் பாய் கிராங்க் கேஸை டீசலில் கழுவித் திருப்பி வைத்தார். அடியில் வெல்டிங் இல்லை.

இரண்டு மூன்று தடவை தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. பாய் டார்ச் அடித்து கிராங்க் கேஸில் இன்ஜின் எண் குத்திய இடத்தைக் காட்டினார். அந்த இடம் மட்டும் அரம் போட்டுத் தேய்த்திருக்கிறது. ஆர்சியில் இருக்கும் அதே எண்தான், ஆனால் கையால் குத்தியது. 7 சாய்ந்து நிற்கிறது, கடைசி இலக்கம் வரிசையை விட்டு இறங்கியிருக்கிறது. “தம்பி, இது உங்க அப்பா இன்ஜின் இல்ல” என்றார் பாய்.

யாருடைய இன்ஜின் இது? திருட்டு வண்டியிலிருந்து எடுத்ததா? எனக்குத் தெரியாது. எங்கள் எண்ணைக் குத்தி என் கையில் கொடுத்திருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு ஆர்டிஓ ஆபீசில் போய் ‘விஏ’ எண் கேட்டு நின்றால் மாட்டப்போவது நான். 1,85,000 கொடுத்து இந்தத் தலைவலியை வாங்கியிருக்கிறேன். ஒரிஜினல் கிராங்க் கேஸுக்கு நல்ல விலை உண்டு என்பது இந்த ஜாவா ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அப்பாவின் இன்ஜின் இப்போது வேறு யாரோ ஒருவர் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பார்ட்ஸ் வர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது முடியவில்லை, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவுதான்: இன்ஜின் எண், சேஸ் எண் இரண்டையும் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த தழும்பு, வெல்டிங், கீறல் எல்லாவற்றையும் எடுங்கள். கார்புரேட்டரும் டேங்கும் ஒரிஜினலாக இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் ஓட்டிப் பார்க்காமல் தராதீர்கள், வீடியோவை நம்பாதீர்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. நானும் போகிறேன்.

ஒரு வேண்டுகோள். அண்மையில் ஜாவா 250 இன்ஜினோ வெறும் கிராங்க் கேஸோ வாங்கியவர்கள் தயவுசெய்து ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம், இரண்டு அங்குல வெல்டிங், ஒரு முனை வளைந்திருக்கும். இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த விலையை நான் தந்து எடுத்துக்கொள்கிறேன்.