பெங்களூரில் ஓவியப் பிரிண்ட் போடக் கொடுப்பவர்களுக்கு: எங்கள் 48,000 ரூபாய் போச்சு

ஓவியங்களை நல்ல பேப்பரில் பிரிண்ட் போடக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 48,000 ரூபாய் போய்விட்டது. வயிறு எரிகிறது.

நானும் அல்சூரில் இருக்கும் ஓவியர் அக்கா ஒருவரும் சேர்ந்து, இந்த ஊரில் காணாமல்போன ஏரிகளைப் பற்றி ஒரு தொகுப்பு செய்தோம். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டாகிவிட்ட தர்மாம்புதி, கண்டீரவா ஸ்டேடியமாகிவிட்ட சம்பங்கி என்று எட்டு ஓவியங்கள். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் என் ஆறேழு வரிகள். ஏ3 அளவில் 15 செட், 120 தாள், தாளுக்கு 400 ரூபாய். ஜனவரியில் குமாரகிருபா சாலையில் நடக்கும் சித்ர சந்தை என்ற ஓவியச் சந்தையில் வைப்பதாக இருந்தோம்.

கடை, கலைப் பிரிண்ட் என்று போர்டு வைத்திருக்கும் டிஜிட்டல் பிரிண்டிங் கடை. ஓனர் தமிழ் பேசுகிறவர். "நம்ம ஆளுங்களுக்கு நான் கெடுதல் பண்ணுவேனா?" என்று சொல்லிக்கொண்டே, பஞ்சுப் பேப்பரில் போட்ட சாம்பிளை அக்கா கையில் கொடுத்தார். தர்மாம்புதியின் சாம்பல் தண்ணீர், தூரிகை இழுத்த கோடுகூட மாறாமல் வந்திருந்தது. அக்கா அந்தச் சொரசொரப்பைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "பேப்பர் வரவழைக்கணும், முழுசாப் போட்டுடுங்க" என்றார் ஓனர். அங்கேயே ஜிபேயில் 48,000 அனுப்பினேன்.

வந்த கட்டில் இருந்ததோ வழவழ பேப்பர். சாம்பலெல்லாம் ஊதா. கள்ளநோட்டு பார்க்கும் டார்ச்சை அடித்தால் சாம்பிள் மங்கலாகக் கிடக்கிறது, இது நீலமாக மின்னுகிறது. வெளுப்பு ரசாயனம் சேர்த்த பேப்பர். எழுத்து அதைவிட மோசம். எங்கள் பிடிஎஃப்பை வேறெதிலோ திறந்து அளவு மாற்றியிருக்கிறார்கள். 'கோயில்' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். இதில் அக்கா எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

கேட்டால், "ஸ்க்ரீன்ல ஒரு கலர், பேப்பர்ல ஒரு கலர்தான் மேடம்." அப்புறம், "ஓனர் ஊர்ல இல்ல." அப்புறம், "அடுத்த ஆர்டர்ல பத்து பர்சென்ட் குறைச்சுக்கலாம்." கடைப்பையன் ஒருவன், "தமிழ் எழுத்தை இங்க யாரு பாக்கப் போறாங்க?" என்றான். அதுதான் இன்னும் ஆறவில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

விவரமாக எழுதப் பொறுமை இல்லை. முழுப் பணம் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பேப்பரின் பெயர், ஜிஎஸ்எம் (பேப்பரின் கனம்), இங்க் வகை மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். சாம்பிளில் கடைக்காரர் கையெழுத்து வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எதில் திறந்தாலும் உடையாதபடி, தமிழ் எழுத்தைக் கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றிவிட்டு ஃபைலைக் கொடுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். 48,000 ரூபாயில் ஒரு பைசா இன்னும் வரவில்லை.