பழைய காருக்கு ஏசி கம்ப்ரஸர்: புதுசா, ரீகண்டிஷனா, புதுப்பேட்டை பழசா?

என் வண்டி 2009 மாடல் வேகன் ஆர். 15 வருஷம் முடிஞ்சு ஆர்சியை இன்னும் 5 வருஷத்துக்கு ரினீவல் பண்ணின கையோட ஏசி கம்ப்ரஸர் (ஏசி கேச அழுத்திச் சுத்த விடற பம்ப்) ஜாம் ஆயிடுச்சு. இருக்கறது வேலூர்ல, கத்திரி வெயில்ல ஏசி இல்லாம வீட்ல பெரியவங்கள உக்கார வச்சு சென்னை வரைக்கும் கூட்டிட்டுப் போறதெல்லாம் நடக்கற காரியம் இல்ல. அதனால செலவு பண்ணியே ஆகணும், ஆனா எதுல பண்றதுங்கறதுதான் கேள்வி. கடைசில நான் போட்டது ரீகண்டிஷன் கம்ப்ரஸர், அதாவது பழச பிரிச்சு தேஞ்ச பார்ட்ட மாத்திக் கொடுக்கறது, கூடவே புது கண்டன்சர், அதாவது கேசோட சூட்ட வெளிய தள்ற, ரேடியேட்டர் மாதிரி இருக்கற பாகம். ஏன்னு சொல்றேன், உங்க வண்டிக்கு ஒத்து வருதான்னு பாத்துக்கோங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, கம்ப்ரஸர் நிஜமாவே போயிடுச்சான்னு முதல்ல பாருங்க. ஏசி ஆஃப்ல இருக்கும்போதும் சத்தம் வருதுன்னா அது பெரும்பாலும் புல்லி (பெல்ட் சுத்தற சக்கரம்) பேரிங், ஏன்னா இன்ஜின் ஓடற வரைக்கும் புல்லி சுத்திக்கிட்டேதான் இருக்கும், கம்ப்ரஸர் உள்பக்கம் சுத்தறது, ஏசி போட்டதும் புல்லியோட ஒட்டற காந்தக் கிளட்ச் பிடிச்சா மட்டும்தான். பேரிங் தனியா கிடைக்கும், கிளட்ச் காயிலும் தனியா கிடைக்கும். கிளட்சே பிடிக்கலன்னா ஃபியூஸ், ரிலே, அப்புறம் கேஸ் இருக்கான்னு பாருங்க, கேஸ் கம்மியானா பிரஷர் சுவிட்சே கிளட்சுக்குப் போற கரண்டை கட் பண்ணிடும். இதெல்லாம் பாக்காம எடுத்த எடுப்புல கம்ப்ரஸர் மாத்தணும்னு சொல்ற கடைல வண்டிய விடாதீங்க.

சரி, நிஜமாவே போயிடுச்சுன்னு வச்சுக்குவோம். எனக்கு சொன்ன ரேட் இதுதான், ஊருக்கு ஊர் முன்னப்பின்ன இருக்கும். புது கம்ப்ரஸர் மட்டும் 14,000ல இருந்து 16,000. ரீகண்டிஷன், பழச எக்ஸ்சேஞ்ச் கொடுத்துட்டு, 7,000 பக்கம். சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் மார்க்கெட்ல, வேற வண்டில இருந்து கழட்டின பழசு 3,000, பேரம் பேசினா இன்னும் குறையும்.

புதுப்பேட்டை பழச பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. நல்ல சாமான் கிடைக்கவே கிடைக்காதுன்னு சொல்லல, கதவு, லைட்டு, சீட்டுன்னா நானே போய் வாங்குவேன். ஆனா கம்ப்ரஸர டேபிள் மேல வச்சு கையால சுத்திப் பாத்து என்ன தெரியும்? பிரஷர் பிடிக்குதான்னு விரல் வச்சுப் பாக்கலாம், அவ்வளவுதான். இன்னொரு பிரச்சினை, கழட்டினதும் ரெண்டு ஓட்டையையும் மூடி வச்சிருக்கணும், பாதி கடைல திறந்தபடியே கிடக்கும். கார் ஏசில வர்ற ஆர்-134ஏ கேசுக்குப் போடற பேக் (PAG) ஆயில் காத்துல இருக்கற ஈரத்த சட்டுனு இழுத்துக்கும், மழைக்காலத்துல மாசக்கணக்குல திறந்து கிடந்த கம்ப்ரஸர் உள்ள என்ன கதியில இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. வேலைக்கூலி, கேஸ் எல்லாம் இன்னொரு தடவ கொடுக்க வேண்டி வந்தா மிச்சம் பிடிச்ச காசு அதுலயே போயிடும்.

அதனால நிஜமான போட்டி புதுசுக்கும் ரீகண்டிஷனுக்கும்தான். இங்கதான் எல்லாரும் ரெண்டு கம்ப்ரஸர பக்கத்துல வச்சு எது நல்லதுன்னு கேக்கறாங்க. அப்படிக் கேட்டா புதுசுதான் நல்லது, அதுல பேச்சே இல்ல. ஆனா கேக்க வேண்டியது வேற: கையில இருக்கற 16,000ஐ முழுசா கம்ப்ரஸர்லயே போடறதா, இல்ல பாதிய கம்ப்ரஸர்லயும் மீதிய கண்டன்சர், ஃபில்டர் (கேஸ் லைன்ல தூளையும் ஈரத்தையும் பிடிக்கறது), எக்ஸ்பான்ஷன் வால்வு (கூலிங் காயிலுக்குப் போற கேச அளவா விடறது) இதுலயும் போடறதா?

ஜாம் ஆன கம்ப்ரஸர் சும்மா சாகாது, உள்ள உலோகம் உலோகத்தோட உரசித் தூளாகித்தான் நிக்கும். எனக்கு வேலை பாத்த பாய் வால்வ கழட்டினதும், "தம்பி, இங்க வாங்க"ன்னு கூப்பிட்டு அதுல ஒட்டியிருந்த எண்ணெய வழிச்சு என் விரல்ல தடவினாரு. கறுப்பா, மை மாதிரி இருந்துச்சு, வெயில்ல திருப்பிப் பாத்தா அதுக்குள்ள பொடிப்பொடியா அலுமினியம் மினுங்குது, ரெண்டு விரல வச்சு தேச்சா நறநறன்னு இருக்கு. "இது இத்தனை தூரம் வந்திருக்குன்னா கண்டன்சர்ல எவ்வளவு நிக்கும்னு பாத்துக்குங்க"ன்னாரு. அவர் சொன்னதுல விஷயம் இருக்கு, ஏன்னா கம்ப்ரஸர்ல இருந்து கிளம்பற கேஸ் முதல்ல போறதே கண்டன்சருக்குத்தான், அதத் தாண்டித்தான் ஃபில்டர், அதுக்கப்புறம் வால்வு, கடைசில வண்டிக்குள்ள வர்ற காத்த ஜில்லாக்கற கூலிங் காயில். அதனால தூள்ல பெரும்பங்கு கண்டன்சர்லதான் தங்கும். வால்வ தாண்டி கூலிங் காயிலுக்குப் போறது கொஞ்சம்தான், அதனாலதான் காயில ஃப்ளஷ் பண்ணி (உள்ள லிக்விட் விட்டுக் கழுவி) மட்டும் விட்டோம், மாத்தல.

அப்போ கண்டன்சரையும் ஃப்ளஷ் பண்ணிட்டா போச்சேன்னு கேப்பீங்க. நானும் அதத்தான் கேட்டேன். ரொம்பப் பழைய வண்டில ஒரே குழாய் பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற கண்டன்சர் இருக்கும், அதுல ஒரு பக்கம் லிக்விட் விட்டா மறுபக்கம் எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு வந்துடும். ஆனா இப்ப இருக்கற பேரலல் ஃப்ளோ கண்டன்சர்ல பக்கத்துல பக்கத்துல நிறைய தட்டைக் குழாய், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு மில்லிமீட்டர் சுத்துல சின்னச் சின்ன ஓட்டை. நாலு குழாய் அடைச்சிருந்தா லிக்விட் அடைக்காத குழாய் வழியா சுகமா போயிட்டு மறுபக்கம் சுத்தமா வரும், பாக்கறவங்களுக்கு எல்லாம் கிளீன் ஆயிடுச்சுன்னு தோணும். அடைச்சது அடைச்சபடியேதான் இருக்கும். அப்புறம் கம்ப்ரஸர் ஓட ஓட அந்தத் தூள் கொஞ்சம் கொஞ்சமா கிளம்பி, கேசோடயும் ஆயிலோடயும் சேந்து சுத்தி திரும்ப கம்ப்ரஸருக்கே வரும். 16,000 கொடுத்து வாங்கின புது கம்ப்ரஸரா இருந்தாலும் அதுக்கும் அதே கதிதான்.

நம்ம ஊர் வெயிலுக்கு இது இன்னும் முக்கியம். பாதி அடைச்ச கண்டன்சர் டிசம்பர்ல ஜில்லுனு காத்து கொடுக்கும், வேலை பிரமாதம்னு நினைப்போம். மே மாசம் மதியம் டோல்ல நிக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும், வெளிய 38, 40 டிகிரி, எதிர்க்காத்து இல்ல, ஃபேன் மட்டும்தான், ஹை சைடு (கம்ப்ரஸர்ல இருந்து கண்டன்சர் போற பக்கம்) பிரஷர் சாதாரணமாவே 250 பிஎஸ்ஐ பக்கம் நிக்கும், அடைப்பு இருந்தா 300ஐ தாண்டி ஏறிக்கிட்டே போகும். அந்த பிரஷர்ல ஓடற ஒவ்வொரு நிமிஷமும் கம்ப்ரஸருக்கு ஆயுள் குறையுது. அதனால நல்ல கண்டன்சரோட ஓடற சுமாரான கம்ப்ரஸர், அடைச்ச கண்டன்சரோட ஓடற புது கம்ப்ரஸர விட நாள் தாங்கும்ங்கறது என்னோட திடமான அபிப்பிராயம்.

கணக்கு கடைசில இப்படி வந்துச்சு: ரீகண்டிஷன் 7,000, வெளிமார்க்கெட் கண்டன்சர் 4,000, ஃபில்டர், வால்வு, ஓ-ரிங் எல்லாம் சேத்து 2,000க்குள்ள, ஃப்ளஷ், கேஸ், கூலி 3,000. புது கம்ப்ரஸர் மட்டும் வாங்கற அதே காசு. காசு தாராளமா இருக்கு, ரெண்டையும் புதுசா போட முடியும்னா போடுங்க, அத விட நல்லது இல்ல. ஆனா ஒன்றரை லட்சம் கூட போகாத வண்டில 25,000 ஏசிக்கே போடறதுக்கு எனக்கு மனசு வரல, விக்கும்போது வாங்கறவங்க கையை வென்ட் முன்னாடி வச்சு ஜில்லுனு வருதான்னு பாப்பாங்களே தவிர கம்ப்ரஸர் பில்ல யாரும் கேக்கறதில்ல.

ரீகண்டிஷன்ல இருக்கற ரிஸ்க்கையும் சொல்லிடறேன். அது முழுக்க செய்யறவங்க கைய பொறுத்தது. பிரிச்சு சீல், பேரிங், வால்வ் பிளேட் எல்லாம் மாத்திக் கொடுக்கறவங்களும் இருக்காங்க, கழுவி பெயின்ட் அடிச்சுக் கொடுக்கறவங்களும் இருக்காங்க. என்ன மாத்தினீங்கன்னு கேளுங்க, கழட்டின சாமான காட்டச் சொல்லுங்க, 6 மாச வாரன்டியாவது பில்லுல எழுதி வாங்குங்க. உள்ள ஆயில் ஊத்தியிருக்கா, காலியா இருக்கான்னும் கேட்டுக்கோங்க, ஆயில் இல்லாம ஓட்டினா ஜாம், டபுளா ஊத்தினா கூலிங் குறையும். புதுசுலயும் நிறைய இடத்துல ஃபில்டர் மாத்தின பில் இல்லன்னா வாரன்டி கிடையாதுன்னுடுவாங்க, அதனால எதப் போட்டாலும் ஃபில்டர் மாத்தாம விடாதீங்க.

எனக்கு இது வரைக்கும் ரெண்டு கோடை தாங்கியிருக்கு, அஞ்சு வருஷம் வருமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. டெய்லி டாக்ஸி ஓட்டறவங்களா இருந்தா நான் புதுசுதான் சொல்லுவேன், நடுரோட்டுல நின்னா அன்னிக்கு வருமானமே போயிடும். கொஞ்சம் புது வண்டிகள்ல வர்ற, கிளட்ச் இல்லாம கன்ட்ரோல் வால்வோட வர்ற கம்ப்ரஸருக்கும் அதேதான், அத சரியா ரீகண்டிஷன் பண்ற கைங்க கம்மி.

வேலை நடக்கும்போது பக்கத்துலயே இருங்க. லீக் செக் பண்ண நைட்ரஜன்தான் அடிக்கணும், டயருக்கு அடிக்கற காத்த விட்டா அதோட ஈரமும் உள்ள போயிடும். கேஸ் ஏத்தறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சற வேக்கம் பம்ப் அரை மணி நேரமாவது ஓடணும், நிறுத்தினதுக்கு அப்புறம் மீட்டர் முள் அசையாம நிக்கணும். கேஸ் பானெட் உள்ள ஸ்டிக்கர்ல போட்டிருக்கற கிராம் கணக்குப்படி எடை போட்டு ஏத்தச் சொல்லுங்க, சின்ன வண்டிக்கு அரை கிலோவ ஒட்டித்தான் வரும், குத்துமதிப்பா ஏத்தினா பிரஷர் எகிறும். டெலிவரிய சாயங்காலம் எடுக்காதீங்க, மதியம் ரெண்டு மணிக்குப் போய் வண்டிய வெயில்ல நிறுத்தி, ஐடில்ல இருபது நிமிஷம் ஓட விட்டு, பிரஷர் மீட்டர் முள்ளையும் ரேடியேட்டர் ஃபேன் ஸ்பீடையும் பாத்துட்டு காசு கொடுங்க.