"அன்லெடட் (ஈயம் இல்லாத) பெட்ரோல் தின்னுடுச்சு" என்று சொல்லி ஃப்யூல் டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றச் சொன்னால் உஷார்!

சித்தப்பா ஓட்டிக்கொண்டிருந்த 1984 மெர்சிடிஸ் 230இ இப்போது என்னிடம். போன மழைக்காலத்தில் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் திணற ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம். பழைய ஃபாரின் வண்டியெல்லாம் பார்ப்போம் என்று போர்டு வைத்திருக்கும், தர்மபுரி பக்கம் ஹைவே ஓர ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டேன்.

பானட்டைத் தூக்கிய கையோடு தீர்ப்பு. "சார், அன்லெடட் பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டரைத் தின்னுடுச்சு. ஈயம் இருந்தாத்தான் உள்ள வழவழப்பு." இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலை அளந்து பிரித்து அனுப்பும் பாகம்தான் இந்த டிஸ்ட்ரிபியூட்டர். பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கவே இல்லை. 38,000 ரூபாய்க்குப் 'புது' டிஸ்ட்ரிபியூட்டர். டேங்க் நிரப்பும்போதெல்லாம் ஊற்றச் சொல்லி 'லெட்' (ஈயம்) பாட்டில்கள் வேறு. பில்லுக்குப் பதில் துண்டுச்சீட்டு. பழைய பாகம் எங்கே என்றால், "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்."

கொஞ்ச நாளில் பழைய குருடி கதவைத் திறடி.

பெங்களூருவில் கே-ஜெட்ரானிக் (இந்த வண்டியில் உள்ள மெக்கானிக்கல் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்) வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் முதலில் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் கவிழ்த்தார். டிகாஷன் மாதிரி துருத்தண்ணீர். 'புது' டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே பளபளவென்று பாலிஷ். உள்ளே பெட்ரோலை அளந்துவிடும் தண்டான பிளஞ்சரில் துருப்புள்ளிகள், மேலும் கீழும் நகராமல் சிக்கி நின்றது. எந்த வண்டியில் கழற்றியதோ! அந்த ஃபில்டரைக்கூட மாற்றவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. அதுதான் காரணம் என்றால் இந்த வண்டி எப்போதோ படுத்திருக்க வேண்டும். ஈயம் சேர்த்ததே ஆக்டேனை (எஞ்சின் தட்டாமல் காக்கும் தன்மையை) கூட்டத்தான். பழைய வார்ப்பிரும்பு ஹெட்களில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயாமலும் அது காத்தது, சரி. இன்ஜெக்‌ஷனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இந்த எஞ்சினில் ஹெட் அலுமினியம், வால்வு சீட் தனியாகப் பதித்தது.

இன்ஜெக்‌ஷனைப் பதம் பார்ப்பது எத்தனால். இப்போது பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், துரு பிடிக்கும். பழைய ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் ஊறி உப்பும். பிளஞ்சரின் இடைவெளியோ மைக்ரான் கணக்கு. துளி துரு போதும்.

இந்த மாடல் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் டேங்க் அடியிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துப் பாருங்கள். சிஸ்டம் பிரஷர் சுமார் 5 பார் வருகிறதா என்று கேஜில் காட்டச் சொல்லுங்கள். கேஜ் இல்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். கழற்றிய பாகமும் ஜிஎஸ்டி பில்லும் கைக்கு வந்தபிறகு பணம் கொடுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று வக்கீலிடம் போனால், அந்தத் துண்டுச்சீட்டைப் பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்குகிறார்.