சைக்காலஜி ஆய்வுக்குக் கூப்பிடுகிறார்களா? கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

"சைக்காலஜி ஸ்டடிக்கு ஆள் வேண்டும், முக்கால் மணி நேரம், 300 ரூபாய், அட்டெண்டன்ஸும் உண்டு" என்று வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தால் உடனே பெயர் கொடுத்துவிடாதீர்கள். சென்னையில் நான் படிக்கும் கல்லூரியில் போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன்.

வெளியிலிருந்து வந்த ஆய்வாளர் ஒரு பக்கப் படிவத்தை நீட்டி, "கீழே சைன் பண்ணுங்க" என்றார். என்ன ஆய்வு, பாதியில் எழுந்து போகலாமா, புகார் என்றால் யாரிடம் போவது, எதுவும் அதில் இல்லை. நகல் கேட்டேன். "அதெல்லாம் வேணாம்மா" என்றார். அப்புறம் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட சொற்களைச் சரிசெய்யும் தேர்வு. பாதிச் சொற்கள் எப்படி அடுக்கினாலும் சேரவில்லை. முடிந்ததும் ஆளுக்கு ஒரு தாள்: "100க்கு 31. உங்கள் வயது மாணவர்களில் கடைசிப் பத்து சதவீதம்." கையோடு இன்னொரு கேள்வித்தாள், இப்போது உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. அதையும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

என் தோழி வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள், அவள் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். அன்று பறக்கும் ரயிலில் திருவான்மியூர் வரும்வரை வாயே திறக்கவில்லை. சில நாளில் கோச்சிங் போவதையும் நிறுத்திவிட்டாள். "எனக்கு அவ்வளவுதான்டி மூளை, பேப்பர்லயே போட்டிருக்கு." பிறகு கேண்டீனில் இன்னொரு பெண்ணின் தாளைப் பார்த்தோம். அவளுக்கும் 31. விசாரித்தால், எங்கள் குழுவில் எல்லோருக்கும் 31. முன்கூட்டியே அச்சடித்து வைத்த மதிப்பெண்!

எம்.எஸ்ஸி. சைக்காலஜி படிக்கும் அக்கா ஒருவர் விளக்கினார். தோற்றுவிட்டாய் என்று பொய் சொல்லி, மனம் எப்படி மாறுகிறது என்று அளப்பது அந்தத் துறையில் பழைய முறையாம். முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டால் சில ஆய்வுகளை நடத்தவே முடியாது, அது எனக்கும் புரிகிறது. ஆனால் முடிந்ததும் உட்காரவைத்து, "இது பொய் மதிப்பெண், இதற்காகத்தான் கொடுத்தோம்" என்று சொல்லியாக வேண்டும். டீப்ரீஃபிங் என்பது அதுதான். அதைக்கூட அரைகுறையாகச் செய்தால் போதாது. 1975இல் அமெரிக்க உளவியலாளர் லீ ராஸும் அவருடன் சேர்ந்தவர்களும் இதையே சோதித்தார்கள். மதிப்பெண் பொய் என்று சொன்ன பிறகும் பங்கேற்றவர்கள் தங்கள் திறமையை அந்தப் பொய்யை வைத்தே எடைபோட்டார்கள். அந்த எண்ணம் ஏன் ஒட்டிக்கொள்ளும் என்றும் சேர்த்து விளக்கியபோதுதான் பெருமளவு விலகியது. சொல்லியே இப்படியென்றால், ஒன்றுமே சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியதை என்னவென்பது?

மருத்துவ, உடல்நல ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. உடல்நலம் சார்ந்த நடத்தை ஆய்வுகளும் அதில் அடக்கம். ஆசிரியருக்குக் கீழே இருப்பதால் மாணவர்கள் எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்கள் என்று அதுவே சொல்கிறது. எந்த நேரத்திலும் விலகலாம். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்களுக்கு உண்டு. புகார் சொல்ல எத்திக்ஸ் கமிட்டியின் (ஆய்வு நெறிமுறைப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழு) தொடர்பு விவரமும் அதில் இருக்க வேண்டும். எந்த ஆய்வாக இருந்தாலும் இவ்வளவையும் கேளுங்கள். அட்டெண்டன்ஸைக் காட்டி இழுத்தால், வராதவர்களுக்கு வேறு என்ன வழி என்றும் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

300 ரூபாய் இன்றுவரை வரவில்லை. துறையில் கேட்டால் ஆய்வாளரைக் கேட்கச் சொல்கிறார்கள், அவர் போனை எடுப்பதில்லை. அட்டெண்டன்ஸும் ஏறவில்லை. கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரித் தாள் உங்களுக்கும் கொடுத்திருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், போட்டோ எடுத்து வையுங்கள். எங்கள் புகாருக்கு இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.