மாடியில் சோலார் போட்டு ஒன்றரை வருடம்: என் வீட்டுக் கணக்கு

"சோலார் போட்டால் லாபமா அண்ணே?" என்று என் தங்கை கேட்டபோது, "உன் ஈபி கார்டை எடு" என்றேன். அவளுக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் மாடியில் இல்லை, அந்தக் கார்டில்தான் இருக்கிறது.

எங்கள் வீடு திருச்சியில். கீழும் மேலுமாக ஒரே இணைப்பு, இரண்டு ஏசி, ஒரு போர் மோட்டார். இரண்டு மாதத்துக்குச் சாதாரணமாக 600 யூனிட் ஓடும், கோடையில் 900. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோதுதான் எனக்கு முதல் அடி விழுந்தது. அப்போதைய விலையில் 500 யூனிட்டோடு நின்றால் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை போய்விடுகிறது. அதற்கு மேல் யூனிட்டுக்கு 8, 9, 10 ரூபாய் என்று படி ஏறியது. 900 யூனிட்டுக்கு 5,550. வருடம் முழுக்கக் கூட்டினால் 22,000 ரூபாய்ச் சொச்சம் கட்டிக்கொண்டிருந்தேன். 2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஏறியது. அதைச் சேர்க்காமலே சொல்கிறேன்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பிரதமர் சூரிய வீடு திட்டத்தை அறிவித்தது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 மானியம். மூன்றுக்கு மேல் எத்தனை போட்டாலும் அதே 78,000தான். வந்த விற்பனையாளர் ஐந்து கிலோவாட் போடச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றார். நமக்குத்தான் முதல் 100 யூனிட் இலவசமாயிற்றே, அதையும் சோலாரில் ஈடுகட்ட எதற்குக் காசு? லைனிலிருந்து எடுத்த யூனிட்டில் நாம் லைனுக்குக் கொடுத்ததைக் கழித்தால் வருவது நிகர உபயோகம். அது 100-க்குள் வந்தால் பில் பூஜ்யம். அதனால் 545 வாட் பேனல் ஆறு, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்ற ஒரு மூன்று கிலோவாட் இன்வெர்ட்டர், இதோடு நிறுத்திக்கொண்டேன். செலவு 2,05,000. மானியம் போக 1,27,000. மானியம் வேண்டுமென்றால் உள்ளிருக்கும் சோலார் செல்கள் உட்பட உள்நாட்டில் தயாரான பேனல்தான் போட வேண்டும், விலை சற்றுக் கூடுதல். இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருந்ததால் பெயர் மாற்றம் செய்யவே கொஞ்ச நாள் ஓடியது. உங்கள் கார்டிலும் தாத்தா பெயர் இருந்தால் அந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

மே கடைசியில் பேனல் ஏறிவிட்டது. பொருத்தியவர் விண்ணப்பத்தைத் தாமதமாகப் போட்டதில் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக எண்ணும் நெட் மீட்டர் வந்தது ஆகஸ்டில். இடைப்பட்ட நாளில் "சும்மா ஆன் பண்ணி வையுங்க சார்" என்றார். நல்லவேளை, செய்யவில்லை. பழைய மீட்டர்களில் பல, வெளியே போகும் யூனிட்டையும் உள்ளே வந்ததாகவே எண்ணும். மின்சாரத்தையும் கொடுத்து அதற்குப் பணமும் கட்டியிருப்பேன்.

சரி, எவ்வளவு கிடைக்கிறது? முதல் ஒரு வருடத்தில் சுமார் 4,400 யூனிட். நாளுக்குச் சராசரி 12. அதிகம் வருவது மே மாதத்தில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, பிப்ரவரி, மார்ச்சில்தான். அப்போது தினம் 15 யூனிட். மேயில் 13 சொச்சம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறைகிறது. மே மாத மத்தியானத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். மழை மூட்டமான நவம்பர் நாட்களில் இரண்டு யூனிட்டோடு முடிந்துபோனதும் உண்டு.

எங்கள் வீட்டில் நடந்த பெரிய கோளாறு நிழல். ஜனவரியில் வானம் பளிச்சென்று இருந்த ஒரு நாள், செயலியில் உற்பத்திக் கோடு மத்தியானம் பள்ளம் விழுந்து கிடந்தது. மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தால், படிக்கட்டு அறை மேல் நிற்கும் தண்ணீர் டேங்கின் நிழல் இரண்டு பேனல் மேல் சப்பென்று விழுந்திருக்கிறது. பொருத்தியவர் இடம் பார்க்க வந்தது மே மாதம். அப்போது திருச்சியில் உச்சிவெயில் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். தெற்கே இருக்கும் எதுவும் தன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு மத்தியானத்திலேயே வடக்கே நிழல் போடும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். இதைச் சொன்னபோது அவர், "மழைக்காலம்தானே சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். வெயில் கண்ணைக் கூசிக்கொண்டிருந்தது! இரண்டு பேனலையும் ஐந்தடி வடக்கே தள்ளி மாட்ட 6,000 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். நீங்கள் இடம் பார்ப்பது கோடையாக இருந்தால், மார்கழி வெயில் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். பதில் தெரியாதவரை மாடியில் ஏற்றாதீர்கள்.

அடுத்தது கரண்ட் போகும் நேரம். பக்கத்து வீட்டுக்காரர், "உங்களுக்கென்ன, சோலார் இருக்கு" என்பார். எங்கள் வீட்டிலும் ஃபேன் நின்றுதான் போகும். என்னுடையது பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்தே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் இல்லையென்றால் தானே நின்றுவிடும். அப்படித்தான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறியிருப்பவர் உயிருக்கு ஆபத்து. பராமரிப்பு நாளில் காலையிலிருந்து மாலை வரை வெயில் வீணாகக் கொட்டும், ஒரு யூனிட் வராது. பழைய பேட்டரி இன்வெர்ட்டரை நான் விற்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

கழுவுவது பெரிய வேலை இல்லை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். ஆனால் போர் தண்ணீர் வேண்டாம். உப்புப் படிந்து கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விட்டது. இப்போது காவிரித் தண்ணீர், அதுவும் காலை ஏழு மணிக்குள். பேனல் சட்டத்தை ஏழடி உயரத்தில் வைத்ததால் அடியில் துணி காய்கிறது, வடாம் மட்டும் ஓரத்துக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு அதில் வருத்தம் உண்டு.

பணக் கணக்குக்கு வருவோம். முதல் வருடத்தில் ஆறு முறை ரீடிங் எடுத்ததில் நான்கு முறை பில் பூஜ்யம். 2025 கோடையில் மட்டும் 600 ரூபாய்ச் சொச்சம் வந்தது. காரணம் சோலார் அல்ல, "ஃப்ரீதானே அப்பா" என்று மகன் ஏசியை அணைக்க மறந்ததுதான். 900 ஓடிய வீடு 1,100 ஓடியது. எப்படியும் வருடத்துக்கு 21,000 ரூபாய் மிச்சம். அந்த 6,000-ஐயும் சேர்த்தால் போட்ட பணம் ஏறக்குறைய ஆறே கால் வருடத்தில் திரும்பும். விளம்பரத்தில் சொல்லாத ஒன்று: அதே பணம் ஏழு சதவீத வட்டியில் வங்கியில் கிடந்தால் வருடம் 9,000 வந்திருக்கும். அதைக் கழித்தால் உண்மையான ஆதாயம் 12,000தான். நடுவில் என்றாவது இன்வெர்ட்டர் மாற்ற வேண்டி வரும். பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் என்பது உற்பத்தித் திறனுக்கு, இன்வெர்ட்டருக்கு அல்ல. இவ்வளவும் போக எனக்கு இது கட்டுபடியாகிறது.

தங்கை வீட்டு விஷயம் வேறு. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், 2022 விலையில் 675 ரூபாய். வருடத்துக்கு 4,050. இரண்டு கிலோவாட்டுக்கு மானியம் போக 70,000 ஆகும் என்றார்கள். பில் முழுசாகப் போனாலும் பணம் திரும்பப் பதினேழு வருடம். "வேண்டாம்மா, வீட்டிலுள்ள நாலு பழைய ஃபேனையும் பிஎல்டிசி ஃபேனா மாத்து, 75 வாட் எடுக்கிற இடத்துல முப்பது வாட்தான் எடுக்கும்" என்றேன். மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது. தெருவில் நான்கு வீட்டில் பேனல் வந்தாகிவிட்டதாம். போன வாரம் இரண்டு ஃபேன் மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.