24-0-24 ட்ரான்ஸ்போமருக்கு எந்தச் சோடி? 3055, டிப்35சி, 5200 மூன்றையும் வைத்து ஒரு அலசல்

வீட்டில் அம்ப்ளிஃபயர் கட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "எத்தனை வாட்ஸ்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "ட்ரான்ஸ்போமர் என்ன?" வாட்ஸை முடிவு செய்வது அதுதான். அந்த வோல்ட்டேஜைத் தாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் நிற்கிற ட்ரான்சிஸ்டர் எது என்பது அதற்கு அடுத்த கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

என் வீட்டுக்கு அண்மையில் கட்டியது 24-0-24, அதாவது நடு வயரிலிருந்து இரண்டு பக்கமும் 24 வோல்ட் தருகிற, 5 அம்பியர் ட்ரான்ஸ்போமரில். ஸ்பீக்கர் 8 ஓம். திருகோணமலைக் கடைகளிலும், இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் நமக்குச் சுலபமாகக் கிடைப்பவை மூன்று அவுட்புட் ட்ரான்சிஸ்டர் சோடிகள் (சோடியில் முதலாவது என்பிஎன், மற்றது பிஎன்பி): 2என்3055 – எம்ஜே2955, டிப்35சி – டிப்36சி, 2எஸ்சி5200 – 2எஸ்ஏ1943. நான் எடுத்தது நடுவில் உள்ள டிப் சோடி. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். ஏன் சாய்கிறேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

சத்தத்தின் தரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒழுங்காகக் கட்டிய ஒரே சர்க்யூட்டில், வீட்டுக்குள் கேட்கிற அளவில், இந்த மூன்றுக்கும் என் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விலையும் அப்படித்தான். மாதத்துக்கு மாதம் மாறும், கடைக்குக் கடை மாறும். முடிவை அதன் மேல் கட்ட முடியாது.

தயாரிப்பாளர் தருகிற விவரத் தாளான டேட்டா ஷீட்டில் உள்ளதைப் பார்ப்போம். 3055: கொலெக்டர்–எமிட்டர் (ட்ரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பெரிய கரண்ட் போகிற இரண்டு, மூன்றாவது பேஸ்) தாங்கும் வோல்ட்டேஜ் 60, கரண்ட் 15 அம்பியர், 115 வாட்ஸ். டிப்35சி: 100 வோல்ட், 25 அம்பியர், 125 வாட்ஸ். 5200: 230 வோல்ட், 15 அம்பியர், 150 வாட்ஸ். டிப்பில் கடைசி எழுத்தைக் கட்டாயம் பாருங்கள். 35ஏ என்றால் 60 வோல்ட், 35பி என்றால் 80, 35சி என்றால்தான் 100. கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான்" என்று சொல்லித் தந்தாலும் அச்சை நீங்களே வாசித்துவிட்டு வாங்குங்கள்.

இனி முக்கியமான இடம். 24-0-24 என்றால் பலர் போடுகிற கணக்கு இது: ஏசியின் உச்சத்தை எடுக்க 24-ஐ 1.414-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 34, டயோடில் கொஞ்சம் போக 33. "33 வோல்ட்தானே, 60 வோல்ட் 3055 தாராளமாகப் போதும்." இங்கேதான் சறுக்குகிறது. பிளஸ் 33, மைனஸ் 33 என்று இரட்டைச் சப்ளையில் ஓடும் அம்ப்பில் ஒவ்வொரு ட்ரான்சிஸ்டருக்கும் குறுக்கே வருவது 33 இல்லை. பிளஸ் பக்கத்து மேல் ட்ரான்சிஸ்டர் முழுதாகத் திறந்து ஸ்பீக்கர் முனையைப் பிளஸ் பக்கம் இழுக்கும் நொடியில், மூடியிருக்கும் கீழ் ட்ரான்சிஸ்டரின் ஒரு கால் கிட்டத்தட்ட பிளஸ் 33-இல் இருக்கும், மற்றக் கால் மைனஸ் 33-இல் இருக்கும். இடையில் 66 வோல்ட். அடுத்த அரைச் சுற்றில் அதே 66 மேல் ட்ரான்சிஸ்டருக்கு. ஆகவே இரண்டு பக்கத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

66-உம் கடைசிக் கணக்கு இல்லை. ட்ரான்ஸ்போமரில் எழுதியிருக்கும் 24 என்பது முழு லோடு ஏறும்போது வருகிற அளவு. அம்ப் சும்மா கிடக்கும்போது, இந்த அளவு ட்ரான்ஸ்போமரில் பத்து வீதம் வரை கூடி நிற்பது சாதாரணம். அதற்கு மேல் நம் வீட்டு கரண்ட். இலங்கையில் 230 வோல்ட், கூட்டக் குறைய 6 வீதம். அதாவது 244 வரைக்கும் அனுமதிக்கப்பட்டதுதான். மாலையில் எல்லா வீட்டிலும் ஃபேனும் லைட்டும் ஓடும்போது இறங்கி நிற்பது, ஊர் அடங்கிய பிறகு ஏறும். நள்ளிரவு கழிந்து ஒருமுறை மீட்டரை வைத்துப் பாருங்கள், பகலில் பார்த்த எண்ணாக இருக்காது.

இரண்டையும் சேர்த்தால் 24 என்பது 28 ஆகும். 28-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 39 சொச்சம். இரண்டு பக்கமும் கூட்டி, டயோடைக் கழித்தால் 77, 78 வோல்ட். 24-0-24 என்று எழுதியிருக்கிற ட்ரான்ஸ்போமருக்கு ட்ரான்சிஸ்டர் தேடும்போது மனதில் இருக்க வேண்டிய எண் இந்த 78.

இப்போது மூன்றையும் திரும்பப் பாருங்கள். 60 வோல்ட் 3055 போட்டியிலேயே இல்லை. சில வேளை நாள்கணக்கில் ஓடும், ஏனென்றால் அச்சிட்ட எண்ணை விடக் கொஞ்சம் கூடத் தாங்குகிற சில்லு நிறைய உண்டு. அந்தத் தயவில் ஸ்பீக்கரை ஒப்படைக்க முடியாது. அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷோர்ட் ஆனால் முழு டிசி நேரே ஸ்பீக்கர் கொயிலுக்குப் போகும். டிப்35சிக்கு 100-இல் 78, இருபது வோல்ட்டுக்கு மேல் கை இருப்பு. 5200-க்குக் கை இருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதே முறையில் மற்ற ட்ரான்ஸ்போமர்களையும் போட்டுப் பார்த்தேன். 12-0-12-க்கு உச்சம் 38 அளவில், 15-0-15-க்கு 48 அளவில். இரண்டிலும் 3055 நிம்மதியாக ஓடும். 18-0-18-க்கு 58 வருகிறது. 60 வோல்ட் சாமானுக்கு அது கழுத்தில் கத்தி, நான் போடமாட்டேன். 32-0-32 என்றால் 100-ஐயும் தாண்டிவிடும், டிப்35சி அங்கே வேண்டாம், 5200 மட்டும்தான்.

கணக்குப் போடும்போதே கெப்பாசிட்டரையும் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு 39 ஏறுகிற இடத்தில் 35 வோல்ட் கெப்பாசிட்டர் போடக் கூடாது, 50 வேண்டும்.

3055-ஐத் தள்ளிவிட்டேன் என்பதற்காக அது மட்டமான சாமான் இல்லை. அதற்கு ஒரு பெரிய பலம் உண்டு. இரும்புத் தொப்பிக்குள் இருக்கும் அந்தச் சில்லு 200 பாகை செல்சியஸ் வரை தாங்கும். டிப்பும் 5200-உம் 150 பாகையோடு சரி. டேட்டா ஷீட்டில் உள்ள வாட்ஸ் எல்லாம் ட்ரான்சிஸ்டரின் உடல் 25 பாகையில் இருக்கும்போது எடுத்தவை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் அறைக்குள்ளேயே 25 பாகை கிடைக்காது, ட்ரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்றுகிற தகடான ஹீட் சிங்க்கில் எங்கே கிடைக்கப் போகிறது? உடல் 80 பாகைக்கு ஏறினால் 3055-இன் 115 வாட்ஸ் 79 ஆகக் குறையும். டிப்35சியின் 125 வாட்ஸ் 70 ஆகிவிடும். 5200-இன் 150 வாட்ஸ் 84 ஆகும். பெரிய எண்ணை எழுதி வைத்திருக்கிற டிப், சூட்டில் 3055-க்குக் கீழே போகிறது. டிப் எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. ஹீட் சிங்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆனால் இங்கே நமக்குக் கடல் இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளி பக்கம் ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் மலிவான 3055-இன் தொப்பி விளிம்பில் துரு பிடித்துவிடும். முதலில் ஸ்க்ரூ தலையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஒரு வளையம் வரும். கொலெக்டர் இணைப்பே அந்த ஸ்க்ரூ வழியாகத்தான் என்பதால், கொஞ்ச நாளில் சத்தம் விட்டு விட்டு வரும். டிப்பும் 5200-உம் பிளாஸ்டிக் உடல். ஒரே ஸ்க்ரூ, மூன்று காலும் போர்டில் ஈயத்தோடு. கழற்றி மாட்டுவதும் சுலபம். எந்தச் சோடி எடுத்தாலும் மைக்காத் தகடும் சூடு கடத்தும் பேஸ்ட்டும் போட்டு, கொலெக்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் தொடர்பு இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

இனி 5200. "230 வோல்ட் தாங்குதே, அதையே போட்டால் கணக்கே வேண்டாமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் விலகியதற்கு இரண்டு காரணம். முதலாவது போலி. பெயர் பெற்ற சாமான் என்பதால் உலகம் முழுக்க அதிகம் போலி அடிக்கப்படும் ட்ரான்சிஸ்டர்களில் இதுவும் ஒன்று. வெளியில் தொஷிபா அச்சு பளிச்சென்று இருக்கும். செத்த ஒன்றை வைசில் நெருக்கி உடைத்துப் பார்த்தால், செப்புத் தகட்டின் நடுவில் மிளகுக் குறுணி போல ஒரு சில்லு ஒட்டியிருக்கும். அது எங்கே 15 அம்பியர் தாங்கப் போகிறது?

வோல்ட்டேஜையாவது வீட்டில் சோதிக்கலாம். இரண்டு ஒரே மாதிரி 12 வோல்ட் ட்ரான்ஸ்போமர்களை முதுகோடு முதுகாக இணைத்து, வீட்டு கரண்ட் லைனோடு நேரடித் தொடர்பு இல்லாத உயர் வோல்ட்டேஜ் எடுத்து, டயோடும் கெப்பாசிட்டரும் போட்டு டிசி ஆக்கி, 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வழியாகக் கொலெக்டருக்குக் கொடுக்க வேண்டும். எமிட்டர் மறுமுனையில், பேஸ் திறந்தபடி. கொலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையில் மீட்டர் எவ்வளவு காட்டுகிறதோ, அது தாங்குகிற அளவு. 230 என்று எழுதியிருப்பது 120-இல் நின்றால் அது வேறு ஏதோ சாமான். டிப்35சி 100-க்குக் கீழே நின்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிஎன்பி என்றால் முனைகள் தலைகீழ். இந்த வோல்ட்டேஜ் ஆளைக் கொல்லும். அதனால் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, கெப்பாசிட்டரை வெறுமையாக்கிவிட்டுத்தான் சாமானை மாற்ற வேண்டும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் செய்யவே கூடாது. தவிர, இந்தச் சோதனை வோல்ட்டேஜை மட்டும்தான் சொல்லும். சில்லு சின்னதா பெரிதா என்று சொல்லாது.

இரண்டாவது காரணம் வேகம். 5200-இன் வேகம் 30 மெகாஹெர்ட்ஸ், டிப்35சியின் வேகம் 3. வேகம் நல்லதுதான், அச்சிட்ட போர்டில் கால்கள் குட்டையாக இருந்தால். போர்டிலிருந்து ஹீட் சிங்க்குக்கு ஒரு சாண் வயர் இழுத்துக் கட்டுகிற நம்மைப் போன்றவர்கள் கையில் அது தானாகவே ஊசலாடத் தொடங்கும். பாட்டே போடாமல் ஹீட் சிங்க் சுட்டால் அதன் அடையாளம் இதுதான். பேஸில் சின்ன ரெசிஸ்டர், அவுட்புட்டில் 10 ஓமும் 0.1 மைக்ரோஃபராட்டும் என்று மருந்து உண்டு. டிப் சோடிக்கும் அவுட்புட் மருந்து வேண்டும், ஆனால் அது இந்த விஷயத்தில் பொறுமையான சாமான்.

டிப்பின் குறையையும் சொல்ல வேண்டும். கரண்ட் ஏற ஏற அதன் பெருக்கம் இறங்கும். 8 ஓமில் உச்சத்தில் மூன்றரை அம்பியர் போகும்போது பேஸுக்கு 150 மில்லி அம்பியர் அளவு கொடுக்க வேண்டி வரலாம். அதனால் ட்ரைவருக்கு, அதாவது அவுட்புட் ட்ரான்சிஸ்டரின் பேஸுக்குக் கரண்ட் கொடுக்கிற ட்ரான்சிஸ்டருக்கு, டிப்41சி – டிப்42சி போட்டேன். 100 வோல்ட், 6 அம்பியர், எங்கும் கிடைக்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சோடியை நம்ப மாட்டேன், இரண்டு சோடி வேண்டும். வோல்ட்டேஜ் கூடிய இடத்தில் ஒரு ட்ரான்சிஸ்டர் தாங்கும் கரண்ட், வாட்ஸ் கணக்கு சொல்வதை விட வேகமாகக் குறையும். ஸ்பீக்கர் வெறும் ரெசிஸ்டர் இல்லை என்பதால் அந்தச் சங்கடமான நேரம் அடிக்கடி வரும். என்னுடையது 8 ஓமில்தான் ஓடுகிறது. இரவு முழுக்க 4 ஓம் சப்வூஃபரை இழுக்க வைத்துப் பார்த்ததில்லை, அதில் உறுதி தர மாட்டேன்.

ட்ரைவரைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று. பெரிய ட்ரான்சிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு முன்னால் இருக்கும் சின்னதுகளை அப்படியே விடுவது நம் ஊரில் சாதாரணம். பிடி139 – பிடி140 80 வோல்ட் சாமான். நம் 78-க்கு அது நூலிழை. பிசி547 வெறும் 45 வோல்ட், பிசி546 65. ட்ரைவர் ஷோர்ட் ஆனால் அவுட்புட்டையும் கூட்டிக்கொண்டுதான் போகும். முழு வோல்ட்டேஜ் வருகிற சின்ன இடங்களில் 2என்5551-உம் 2என்5401-உம் போடுங்கள். முதலாவது 160 வோல்ட், மற்றது 150. சில ரூபாய் வேலை. பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டில் ஓடுகிற சிறு கரண்ட்) போடுகிற இடத்தில் மட்டும் பிடி139 இருக்கலாம், அங்கே அதற்கு இரண்டு மூன்று வோல்ட்தான் வரும். அதை ஹீட் சிங்க்கோடு ஒட்ட வையுங்கள், சூடு ஏறினால் கரண்டைக் குறைக்க வேண்டியது அதுதான்.

2எஸ்டி718 – 2எஸ்பி688 சோடியைப் பலர் கேட்பார்கள். 120 வோல்ட், 80 வாட்ஸ், 24-0-24-க்கு அதுவும் பொருந்தும். அசல் கையில் இருந்தால் போடுங்கள், தேடி அலைய வேண்டாம். மொஸ்ஃபெட் என்கிற வேறு வகை ட்ரான்சிஸ்டரில் நான் கட்டியது மிகக் குறைவு, அதனால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

ஏற்கனவே 32-0-32 வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழி. ட்ரான்ஸ்போமர் சுற்றுகிற அண்ணையிடம் கொடுத்து, இரண்டாம் சுற்றில் இரண்டு பக்கமும் சம அளவு கழற்றி 24-க்குக் கொண்டுவரலாம், பிறகு டிப் போடலாம். அப்படியே வைப்பதென்றால் 5200 – 1943, நம்பிக்கையான கடையில், சோதித்து எடுத்தது. ட்ரைவருக்கு 100 வோல்ட் டிப்41சி அங்கே போதாது, 230 வோல்ட் 2எஸ்சி4793 – 2எஸ்ஏ1837 வேண்டும். கெப்பாசிட்டர் 63 வோல்ட். எதைக் கட்டினாலும் முதல் தடவை 100 வாட் இழை பல்பைக் கரண்ட் வயரில் தொடராகப் போட்டு, ஸ்பீக்கர் இல்லாமல் சுவிட்சைப் போடுங்கள். பல்ப் ஒரு தடவை மின்னி மங்கினால் அவுட்புட்டில் டிசி இருக்கிறதா என்று பாருங்கள். பல்ப் பிரகாசமாகவே நின்றால் அணைத்துவிட்டு, முதலில் ட்ரைவர் ட்ரான்சிஸ்டர் ஷோர்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.