ஆறு வார மூட்டுவாத வகுப்பு: போகலாமா, வேண்டாமா?

வலியே போய்விடும் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் சேர வேண்டாம், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், மூட்டுவாதத்தை அன்றாடம் எப்படிச் சமாளிப்பது என்று பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேசும் வகுப்பு இது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக்கும் ஹால்ஸ்டெட் ஹோல்மனும் 1970-களின் கடைசியில் தொடங்கிவைத்த பாடத்திட்டத்திலிருந்து வந்தது. நடத்துகிறவர் டாக்டராக இருக்க வேண்டும் என்றில்லை, பல இடங்களில் அவருக்கே மூட்டுவாதம் இருக்கும். எங்கள் வகுப்பை நடத்தியவருக்கு விரல் கணுக்கள் புடைத்திருந்தன. மார்க்கர் பேனாவில் துணியைச் சுற்றித் தடிமனாக்கி வைத்திருந்தார், அதைப் பார்த்ததுமே சரி, இவருக்கு நம் பாடு தெரியும் என்று தோன்றிவிட்டது.

வகுப்பின் உயிரே வாராந்திரத் திட்டம்தான். வரும் வாரம் என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், "உடற்பயிற்சி செய்யப் பார்க்கிறேன்" என்று நழுவினால் விடமாட்டார்கள். என்ன, எவ்வளவு, எந்த நேரம், வாரத்தில் எத்தனை நாள், எல்லாம் வேண்டும். அப்புறம், இதை முடிப்பீர்கள் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு என்று ஒரு கேள்வி. முழங்கால் தேய்மானம் உள்ள ஓர் அம்மா தினமும் அரை மணி நேரம் நடப்பேன் என்றார். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதும் கொஞ்சம் இழுத்துவிட்டு "அஞ்சுன்னு வச்சுக்கோங்களேன்" என்றார். ஏழுக்குக் கீழே போனால் திட்டத்தைச் சுருக்க வேண்டும். பேசிப் பேசி, காலை நேர விறைப்பு விட்ட பிறகு பத்து நிமிடம், வாரம் நான்கு நாள் என்று வந்து நின்றது, நம்பிக்கையும் எட்டுக்கு ஏறியது. அடுத்த வாரம் மூன்று நாள்தான் நடந்தேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். யாரும் அறிவுரை சொல்லவில்லை. நான்காவது நாள் எது தடுத்தது என்று கேட்டார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், அதில் எதை எடுத்துக்கொள்வது என்பதை அந்த அம்மாவே முடிவு செய்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். லோரிக் குழுவினர் தங்கள் மாணவர்களை ஆராய்ந்தபோது, யார் பழக்கங்களை அதிகம் மாற்றினார்கள் என்பதற்கும் யாருக்கு வலி குறைந்தது என்பதற்கும் உள்ள தொடர்பு பலவீனமாகத்தான் இருந்தது. "இந்த நோயை என்னால் சமாளிக்க முடியும்" என்ற எண்ணம் கூடியதோடுதான் பலன் ஒத்துப்போனது. 1993-இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பு முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் வலி சராசரியாக 20 சதவீதமும் டாக்டரைப் பார்க்கப் போவது 40 சதவீதமும் குறைந்திருந்தன. உடனே துள்ள வேண்டாம். இதே வகை வகுப்பை வைத்து 2006-இல் பிரிட்டனில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் உள்ள 812 பேரிடம் செய்த ஆய்வில் பதற்றம் குறைந்தது, தன்னம்பிக்கை கூடியது, வலியிலோ நடமாட்டத்திலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை. என் அனுபவம் இந்த இரண்டாவது ஆய்வோடுதான் ஒத்துப்போகிறது. வலி இருக்கிறது, அதைக் கண்டு முன்போல மிரளுவதில்லை.

கைக்குக் கிடைத்த சில்லறை விஷயங்களும் நன்றாகவே இருந்தன. உடற்பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்பைவிடக் கூடுதலாக இருந்தால் அடுத்த முறை அளவைக் குறை. வலது முழங்கால் வலித்தால் ஊன்றுகோல் இடது கையில். பையை விரலில் தொங்கவிடாதே, முழங்கையிலோ தோளிலோ மாட்டு. வலி வந்த பிறகு உட்காராதே, வருவதற்கு முன்பே உட்கார் (இது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை, பாத்திரம் கழுவ ஆரம்பித்தால் முடித்துவிட்டுத்தான் உட்காருவேன்).

இனி குறைகள். நான் போன மையத்தில் கைப்பிடி இல்லாத தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலிகள். மூட்டுவாதக்காரர்களுக்கு! எழுந்திருக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடித் தளர்த்திக்கொள்ளும் ஒலிப்பதிவு அறுவை, ஒருவர் குறட்டையே விட்டார். அதைவிடப் பெரிய குறை, தேய்மானக்காரர்களையும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) உள்ளவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துவிட்டு மருந்துப் பகுதியை அவசரமாக ஓட்டியது. ருமட்டாய்டில் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துதான் மூட்டு அரிக்கப்பட்டுச் சேதமாவதைத் தடுக்கிறது, நடையும் மனத்தெம்பும் அந்த வேலையைச் செய்யாது. வலி குறைவாக இருக்கும்போதும் உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கலாம். இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு மூட்டு திடீரென்று சூடாக வீங்கி, காய்ச்சலும் வந்தால் திட்டமெல்லாம் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதையும் நாங்கள் கேட்டபிறகுதான் சொன்னார்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. நோய் வந்து சில மாதங்கள் ஆகி, மருந்து ஒரு நிலைக்கு வந்தபிறகு போவது நல்லது. ஆறு வாரமும் வர முடியாது என்றால் அடுத்த பேட்ச்சுக்குக் காத்திருங்கள், நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போனால் திட்டம் சொல்வதும் கணக்குக் கொடுப்பதும் அறுந்துவிடும், மீதியை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம். சேர்வதற்கு முன் நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.